மகாராணியின் சிக்கு

சலூன்காரருக்கும் அந்தப் பூனைக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். பூனை அவர் மனைவி வளர்த்தது. நீள முடிப் பூனை. வெள்ளையில் சாம்பல் திட்டுகள், கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்ட மாதிரி அடர்த்தி, நடந்தால் வீடே ஒதுங்கி வழிவிட வேண்டும் என்கிற தோரணை. மனைவி அதைப் பாப்பா என்று கூப்பிட்டாள். இவர் மகாராணி என்றார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. ஷேவிங் லோஷனும் பவுடருமாக மணந்துகொண்டு இவர் கடையிலிருந்து வந்து நுழைந்தால் போதும், மகாராணி ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"ஊரே எங்கிட்ட தலையைக் குடுத்துட்டு உக்காருது. இதுக்கு மட்டும் என்ன கொழுப்பு பாரு" என்பார்.

"ஊருக்கு வேற வழியில்ல. அதுக்கு நான் இருக்கேன்ல" என்பாள் மனைவி.

இருந்தாள். தினமும் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பூனையை மடியில் போட்டு, கழுத்து, முதுகு, வயிறு என்று ஒன்று விடாமல் வாரிவிடுவாள். அது கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடும். பிறகு அவளுக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரி, மருந்து, வாந்தி, மறுபடியும் ஆஸ்பத்திரி என்று வீடு தலைகீழானது. அவள் படுக்கையில் விழுந்தபின் பூனை அவள் தலையணையை விட்டு இறங்கவே இல்லை. அவள் தலையைச் சுற்றி வளைந்து படுத்துக்கொள்ளும். அதை வாரிவிட அவள் கையில் வலு இல்லை, மற்றவர்களுக்கு அந்த நினைப்பே இல்லை. மனுஷியைப் பார்ப்பதா பூனையைப் பார்ப்பதா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் வந்து போய், அவரும் மகளும் மட்டும் மிஞ்சிய பிறகு ஒரு நாள்தான் மகள் கவனித்தாள். அவள் கூரியர் ஆபீசில் வேலை பார்ப்பவள், காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றுவிட்டாள்.

"அப்பா, பாப்பா நொண்டுதுப்பா."

பிடித்துத் தூக்கிப் பார்த்தால், முன்னங்காலுக்கு அடியில் ஒரு கட்டி. கட்டி இல்லை, சிக்கு. முடி முடியோடு பின்னித் திரண்டு உருண்டையாகி, காலை நீட்டவிடாமல் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் ஒன்று, வயிற்றில் நாலைந்து, தொடையிடுக்கில் ஒன்று. கழுத்துச் சால்வைக்கு அடியில் இருந்ததுதான் பெரியது, உள்ளங்கை அகலம்.

"இவ்வளவுதானே, நான் பாத்துக்கறேன்" என்றார் சலூன்காரர்.

இங்கேதான் நம் ஆள் தன் வித்தையைக் காட்டினார். தலைமுடி விஷயத்தில் அவருக்கு யார் பாடம் சொல்வது? கடையில் எவ்வளவு முரட்டுத் தலை வந்தாலும் முதல் வேலை, தண்ணீர் பாட்டிலை எடுத்துப் புஸ் புஸ் என்று அடிப்பது. முடி நனைந்தால் பணியும், சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். அதே பாட்டிலைக் கொண்டுவந்தார். அதே வெள்ளைத் துணியை மகாராணியின் கழுத்தில் கட்டினார். கட்டியதே பெரிய கூத்து, அதை விடுங்கள். சிக்கு ஒவ்வொன்றையும் சொட்டச் சொட்ட நனைத்து, சீப்பை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மகாராணி அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு போட்டுவிட்டு பீரோவுக்குப் பின்னால் ஓடியது. சாயங்காலம் முடி காய்ந்தபோது சிக்கெல்லாம் கம்பளித் துண்டு மாதிரி இறுகிக் கல்லாகியிருந்தது.

மிருக டாக்டர் ஒரு இளம்பெண். தொட்டுப் பார்த்த உடனே நிமிர்ந்தாள்.

"யார் சார் இதுல தண்ணி ஊத்துனது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"தண்ணி பட்டா இது அப்படியே இறுகிடும் சார். கத்திரிக்கோலும் வேண்டாம். சிக்கைத் தூக்கினா தோலும் கூடவே எழும்பி வரும், வெட்டிடுவீங்க." பிறகு குழாயைக் காதில் மாட்டிப் பூனையின் நெஞ்சில் வைத்தாள். வைத்த குழாயை ரொம்ப நேரத்துக்கு எடுக்கவே இல்லை. "வழக்கமா மயக்க ஊசி போட்டு மொத்தமா மழிச்சிடுவோம். ஆனா இதுக்கு வயசாயிடுச்சு, நெஞ்சுல ஒரு இரைச்சல் வேற கேக்குது. மயக்கம் குடுத்தா முழிக்காமலே போயிடலாம்."

"அப்படியே விட்டுட்டா?" என்றாள் மகள்.

"உள்ள புண்ணாகும், புழு வெச்சிடும். அப்ப வேற வழியில்லாம மயக்க ஊசி போட்டுத்தான் ஆகணும். அதுக்கு முன்னால முழிச்சிருக்கும்போதே வீட்ல கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடுங்க. சோள மாவு தூவி, விரலால பிரிச்சு, வராததை முடி வெட்டற மிஷினால. அது உங்களை நம்பி உக்காரணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். சலூன்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி வரும்போது பூனைக்கூடை அவர் மடியில் இருந்தது. மனைவி கையால் வளர்ந்ததில் ரெண்டுதான் மிச்சம், ஒன்று மகள், ஒன்று பூனை. ரெண்டுமே அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மகள் பேசாததற்குக் காரணம் உண்டு. மருந்து ஏற ஆரம்பித்ததும் மனைவிக்கு முடி கொட்டத் தொடங்கியது. தலையணை முழுக்க முடி, சாப்பாட்டில் முடி. ஒரு நாள் அவளே சொன்னாள். "கொத்துக் கொத்தா வர்றதைப் பாக்க முடியலங்க. நீங்களே எடுத்துடுங்க." மகள் ஆபீசுக்குப் போயிருந்தாள். கூடத்தில் நாற்காலியைப் போட்டு, துணியைக் கட்டி, இடுப்பு வரை இருந்த முடியை வெட்டி, தலையை மழித்துவிட்டார். கை நடுங்கவில்லை. நடுங்கினால் அவளுக்குக் காயம்படும் அல்லவா. "லேசா இருக்கு" என்று சொல்லி அவள் சிரித்தாள். பிறகு அவர் துணியை உதறினார், துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார், பையில் அள்ளி முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தார், குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. கடையில் ஒவ்வொரு தலைக்கும் பிறகு செய்வதுதான். கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது.

சாயங்காலம் மகள் வந்து அம்மாவின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா முடி எங்கப்பா?"

"கூட்டிட்டேனேம்மா."

அவள் அம்மா தலையில் ஒரு துண்டைச் சுற்றிவிட்டு உள்ளே போனாள். அம்மா இறந்த அன்று மட்டும், "ஒரு கொத்து எடுத்து வெச்சிருக்கக் கூடாதாப்பா" என்றாள். அதற்கப்புறம் தேவைக்குத்தான் பேச்சு. சாவி எங்கே, கேஸ் வந்ததா, இந்த மாதிரி.

சரி, பூனைக்கு வருவோம். நம்ப வைப்பது என்றால் எப்படி? முதலில் லோஷன் வாசனையைத் துரத்தினார். கடையிலிருந்து வந்ததும் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, மனைவியின் பழைய போர்வையை மடியில் விரித்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். போர்வை மகளுடைய யோசனை. மகாராணி கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தது. வரவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார். கடை மிஷினை எடுத்துவந்து பக்கத்து அறையில் சும்மா ஓடவிட்டார், சத்தம் பழகட்டும் என்று. பிறகொரு நாள் அது வந்து போர்வையை மோந்துவிட்டு, இவர் இருப்பதையே கண்டுகொள்ளாத மாதிரி ஏறிப் படுத்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

மாவைத் தூவி, விரல் நுனியால் சிக்கின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். கொஞ்சம் இழுபட்டால் கடிக்கும், ஓடும். மறுநாள் மறுபடியும். வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறதே, கடையில் பேசுகிற பழக்கத்தில், "மேடத்துக்குப் பின்னால ரொம்ப ஏத்திடட்டுமா, இல்ல இப்படியே விட்ருவோமா?" என்று பூனையிடம் கேட்டார். கதவுக்குப் பின்னால் மகள் சிரித்தது கேட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடுமோ என்று.

கால் சிக்கு போனது. காது, வயிறு, தொடை எல்லாம் போயின. உடம்பு அங்கங்கே சொட்டையாகி, மகாராணி பஞ்சத்தில் அடிபட்டவள் போல இருந்தாலும் நொண்டுவது நின்றது. கழுத்து மட்டும் பாக்கி. அதைத் தொட்டாலே உறுமியதால் கடைசிக்கு வைத்திருந்தார். அது தன்பாட்டுக்கு இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. கடை விடுமுறை நாள் ஒன்றில் மகள் கிண்ணத்தை வைத்தபோது, பூனையால் குனிய முடியவில்லை. மோவாய் கீழே இறங்க மாட்டேன் என்றது. கிண்ணத்தின் முன் நின்று அழுதது.

அன்று எடுத்தே ஆக வேண்டும். மடியில் போட்டார், மாவைத் தூவினார், ஓரத்தைப் பிரித்தார். பிரித்த இடத்தில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார், வந்துகொண்டே இருந்தது. பூனைக்கு இத்தனை நீளம் ஏது? ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வேர்ப்பக்கம் ரெண்டு விரற்கடை வெள்ளை. அதற்கப்புறம் கறுப்பு, அந்தக் கறுப்பிலும் லேசாக ஒரு பழுப்பு ஓட்டம். அந்த நிறத்தை அவரைத் தவிர யாரும் கலந்ததில்லை. வெறும் கறுப்பு போட்டால் மனைவிக்கு முகம் வெளிறித் தெரியும் என்று, பழுப்பும் கொஞ்சம் சேர்த்து மாதாமாதம் அவரே பூசிவிட்ட டை. தலையணையில் கொட்டிய முடி. அவள் தலையைச் சுற்றிப் படுத்துக் கிடந்த பூனை அதைக் கழுத்தில் வாங்கிச் சிக்காக்கி வைத்திருக்கிறது. அவர் கூட்டித் தள்ளியதில் மிச்சம் இங்கே இருக்கிறது.

அவருக்குப் பேராசை வந்துவிட்டது. வேறு வார்த்தை இல்லை. அந்த ஒரு முடியைச் சீப்பில் சுற்றி வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினார். பாதியில் அறுந்தது. இன்னொன்று. அதுவும் அறுந்தது. விரலை உள்ளே விட்டுச் சிக்கைப் பிளந்தார். பூனை கத்தியது.

"என்னப்பா ஆச்சு?" என்று சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் இரு."

கட்டைவிரலில் பல் இறங்கியது. விடவில்லை. ஒரு கொத்து, ஒரே ஒரு கொத்து முழுசாக வந்துவிட்டால் மகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தோல் சிவந்து எழும்பி வந்தது, அதையும் பார்த்தார், விடவில்லை. மறுபடியும் கடித்தது. அதற்கப்புறம் கடிக்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு, தலையை அவர் தொடையில் வைத்து, உடம்பெல்லாம் நடுங்க, என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பது போலக் கிடந்தது.

அந்தக் கிடப்பு அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவியிடம் பார்த்திருக்கிறார். நர்ஸ் நரம்பு கிடைக்காமல் ஊசியை மாற்றி மாற்றிக் குத்தியபோது, முதலில் கையை இழுத்தவள் பிறகு இழுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இப்படித்தான் கிடந்தாள்.

பாவி, என்ன காரியம் பண்ணுகிறேன் என்று அவர் விரலை எடுத்தார். "முடிஞ்சுதும்மா. முடிஞ்சுது பாப்பா" என்றார். அந்தப் பெயரால் அவர் அதைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மிஷினைப் போட்டார். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, சிக்குக்கு அடியில் தட்டையாக ஓட்டினார். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் கை நடுங்கவில்லை. உள்ளே இருந்த நீள முடியெல்லாம் பூனை முடியோடு சேர்ந்து துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, போர்வையிலும் தரையிலும் விழுந்தது. கடைசியில் சிக்கு ஒரு பொருக்கு மாதிரிக் கழன்று வந்தது.

பாப்பா எழுந்தது. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிண்ணத்துக்குப் போய், குனிந்து சாப்பிட ஆரம்பித்தது.

அவர் போர்வையை மெதுவாகக் கீழே இறக்கினார். எழுந்து போய் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் தெரிந்தது கையில் என்ன இருக்கிறது என்று. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த முடிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

மகள் வந்து நின்றாள். "ஆச்சாப்பா? கையில ரத்தம் வருது பாருங்க. போய்க் கழுவுங்க, நான் கூட்டிடறேன்."

"கூட்டாதேம்மா. பாத்து வா, மிதிச்சிடாதே. இப்படி உக்காரு."

சீப்பை நீட்டினார். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு பல்லில் சுற்றியிருந்த முடியை விரலால் தொட்டு, வேர்ப்பக்கத்து வெள்ளையைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுதாம்மா முழுசா வந்துச்சு" என்றார் சலூன்காரர். "நிறைய இருந்துச்சு. பாப்பாவுக்கு வலிச்சுது. வெட்டிட்டேன். இந்தத் தடவையும் வெட்டிட்டேம்மா."

அவள் தரையில் கிடந்த பொருக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"இப்ப அதால கழுத்தைத் திருப்ப முடியுதாப்பா?"

"முடியுது. சாப்பிடுது."

"அப்ப சரிப்பா" என்று சொல்லி, கடிபட்ட அவர் கையை எடுத்துத் தன் துப்பட்டாவால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ரெண்டு பேரும் குனிந்து உட்கார்ந்து கறுப்பு முடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். அன்று அந்த வீட்டில் யாரும் கூட்டவில்லை.