வலப்பக்கம் தைத்த புத்தகம்

உள்ளறையில் நஃபீசா தனியாகச் சிரித்தாள். அடுப்படியில் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்த அக்கா ஜுனைதா கையை நிறுத்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எட்டிப் பார்த்தாள். தங்கை பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். விரல்கள் தடித்த காகிதத்தில் ஊர்ந்து போய், ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்து அதே இடத்தைத் தடவின. மறுபடியும் சிரிப்பு.

"என்ன புள்ளே, தனியாச் சிரிக்கிறே?"

"ஒரு மாமியாக்காரி கிணத்துல வாளியப் போட்டுட்டு மருமகளத் திட்டுறா லாத்தா."

"சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

"சொன்னாச் சிரிப்பு வராது. படிக்கணும்."

நஃபீசா அதை வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அது ஜுனைதாவின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

பத்து வயதில் பெரியம்மை நஃபீசாவின் கண்களைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அவளுக்கு அக்காதான் கண். அசர் தொழுகை முடிந்ததும் இருவரும் கொல்லைப்புறக் கதவருகில் உட்காருவார்கள். "லாத்தா, தோணி எங்க நிக்கிது?" என்று நஃபீசா கேட்பாள். அவர்களுடைய வாப்பா சரக்குத் தோணி ஓட்டிய தண்டல். கீழக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் கொல்லத்துக்கும் போனவர். ஒரு பயணத்தில் அவர் திரும்பவில்லை. தோணி மட்டும் வெறுமையாகக் கரை ஒதுங்கியது. ஜுனைதா சொன்ன கதையில் மட்டும் அந்தத் தோணி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நெடுந்தீவைத் தாண்டும். ஒரு நாள் காற்றில்லாமல் பாய் தொங்கும். ஒரு நாள் சமையல்காரன் சோற்றில் சீனியைக் கொட்டிவிடுவான். ஜுனைதாவுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை சீனி முகம்மது இந்த வீட்டுக்கு வந்து, பிறகு கொழும்புக் கடைக்குக் கப்பலேறிப் போன பின்னும் தோணி நிற்கவில்லை.

புத்தகங்கள் வந்த பிறகு நஃபீசா அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

தங்கைக்கு ஒரு வாசல் திறந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டியவள், எதையோ பறிகொடுத்தவள் போல நிற்கிறோமே என்று ஜுனைதாவுக்குத் தன் மீதே கூச்சமாக இருந்தது. கூச்சம் வந்தால் பொறாமை போய்விடும் என்பார்கள். போகவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

அந்தப் புத்தகங்கள் இராமநாதபுரத்திலிருந்து வந்தன. அங்கே கேணிக்கரைப் பக்கம் இரண்டு அறைகளில் பார்வையற்றோர் வாசகசாலை நடந்தது. ஆரம்பித்தவர் நாகநாதன். உப்பு இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து, நடுவயதில் பார்வை போனவர். வீட்டார் அவரை மூலையில் உட்கார வைத்துச் சோறு போடத் தயாராக இருந்தார்கள். அவர் மதராசுக்குப் போய், சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து புள்ளியெழுத்துப் படித்தார். சுதந்திரம் வந்த மறுவருஷம், ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்களோடு ரயிலில் வந்து இறங்கினார். "இத யாருக்குக் குடுக்கப் போறீரு?" என்று ஊர் கேட்டதாம். "கண்ணு தெரியாதவன் இந்தச் சீமையில நான் ஒருத்தன்தானா?" என்று திருப்பிக் கேட்டாராம். படிக்க வர முடியாதவர்களுக்குத் தபாலில் அனுப்பினார். படிக்கவே தெரியாதவர்களின் வீடு தேடி ஆளனுப்பிச் சொல்லிக்கொடுத்தார்.

அப்படி வீடு தேடி வருபவர்தான் சண்முகவள்ளி டீச்சர். வியாழக்கிழமை தவறாமல் பஸ்ஸில் வந்து இறங்குவார். கோஷா வீடுகளின் பெண்கள் வெளியே வரமாட்டார்கள் என்றதும், "அதுக்கென்ன, எனக்குத்தான் காலிருக்கே" என்று தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டவர். நஃபீசாவின் விரலைப் பிடித்து முதல் எழுத்தைத் தொட வைத்ததும் அவர்தான்.

அந்த வியாழக்கிழமை டீச்சரின் பையில் புத்தகம் இல்லை.

"தமிழ்ப் புத்தகம் அம்புட்டையும் நஃபீசா முடிச்சிட்டா. ஒவ்வொண்ணையும் கையால குத்தி எழுதணும். எழுதுற ஆளுக குறைச்சல்."

"நான் எழுதுறேன் டீச்சர்." ஜுனைதாவுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

"அச்சுப் புத்தகத்தப் பாத்து எழுதணும். படிப்பீங்கள்ல?"

"நான் அரபு எழுத்துல எழுதுற அரபுத்தமிழ்தான் படிச்சேன். அச்சு வராது."

டீச்சர் நேரம் போக்குவது போலப் பையிலிருந்து எழுதும் சட்டத்தையும் ஊசியையும் எடுத்துக் காட்டினார். காகிதத்தைச் சட்டத்தில் மாட்டிப் பின்பக்கத்திலிருந்து குத்தினால் முன்பக்கம் புள்ளி எழும்பும். ஆகையால் எழுதும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். "இதுதான் எல்லாரையும் படுத்துது. எங்க வக்கீல் வீட்டம்மா ஒரு வரிக்குள்ள அழுதுட்டாங்க."

ஜுனைதா சிரித்துவிட்டாள். "இதுல அழ என்ன இருக்கு? நாங்க எழுதுறதே அந்தப் பக்கம் இருந்துதானே!"

நஃபீசா பாயிலிருந்து நிமிர்ந்தாள். "எதையும் பாத்து எழுத வேணாம் லாத்தா. தோணிய எழுது."

டீச்சர் யோசித்தார். "எழுதுங்க. ஆனா ஒரு வழக்கம் இருக்கு. வீட்டாளு அல்லாத வாசகர் ஒருத்தர் படிச்சுச் சரின்னாத்தான் நாகநாதன் அய்யா அலமாரியில ஏத்துவாரு. இல்லேன்னா திருப்பிக் குடுத்துருவாரு. தாட்சணியம் பாக்க மாட்டாரு."

புறப்படும்போது வாசலில் நின்று, "தைக்கிறதுக்கு ஓரம் விட்டுக்கங்க" என்றார்.

எந்த ஓரம் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

தங்கையிடம் புள்ளியெழுத்தைக் கற்றுக்கொண்டு ஜுனைதா எழுதத் தொடங்கினாள். சொல்லும்போது வாய் போன போக்கில் போகும் கதை, ஊசியின் கீழே வந்ததும் ஒவ்வொரு எழுத்தாக இறங்க மறுத்தது. முன்பெல்லாம் "பெரிய காத்து" என்று கையை விரித்தால் போதும். இப்போது அந்தக் காற்றுக்குத் தன்னிடம் என்ன சொல் இருக்கிறது என்று தேடினாள். எழுதிய தாளை உடனே தங்கையிடம் நீட்டுவாள். நஃபீசா தடவிப் பார்த்து, "இங்கன ஒரு புள்ளி விட்டுட்டே" என்பாள். "சமையக்காரன் வந்தா நல்லாருக்கும்" என்பாள். அக்கா எழுதித் தங்கை தாள் பிடித்த அந்த மாதங்களில் ஜுனைதாவின் தொண்டை முள் எப்போது கரைந்தது என்று அவளுக்கே தெரியாது.

முடிவு வந்தபோதுதான் நின்றாள். சொன்ன கதைக்கு முடிவு இருந்ததில்லை. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் வேண்டும். இரண்டு நாள் ஊசியைத் தொடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரே மூச்சில் எழுதினாள். தோணி வந்தது, ஆள் வரவில்லை.

நஃபீசாவின் விரல் அந்த வரியில் வெகுநேரம் இருந்தது. "இத நீ சொன்னதே இல்ல லாத்தா."

"வாயால வரல புள்ளே."

தாள்களை அடுக்கி ஜுனைதாவே தைத்தாள். சின்ன வயதில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதம்மா வீட்டில் கிழிந்த அரபுக் கித்தாபுகளைத் தைத்துப் பழகிய கை. பச்சைச் சீட்டித் துணியில் அட்டை போட்டாள். நஃபீசா வாங்கித் தடவினாள். வீட்டில் தைத்த புத்தகம், வீட்டுத் துணி. அவள் கை கித்தாபைத் திறக்கிற மாதிரியே திறந்தது. சரியாக இருந்தது. டீச்சர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த மூன்று வியாழக்கிழமைகளும் தகவல் இல்லை. "படிக்கிறாரு" என்பார் டீச்சர். படிப்பவர் இராமேஸ்வரத்துக் கூத்தையா. மீன்பிடித்தவர், கண்ணில் படலம் விழுந்தவர், வாசகசாலையிலேயே கறாரான ஆள். ஒரு புள்ளி தப்பினாலும் புத்தகத்தைத் திருப்பி அனுப்புவார் என்று கேட்டு ஜுனைதாவுக்குச் சோறு இறங்கவில்லை. சரியில்லை என்று வந்துவிட்டால்? ஊர் சிரிக்கும் என்பதல்ல. நஃபீசா இனி எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும், தன்னால் ஆகாதது அது என்று ஜுனைதாவுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

நான்காவது வாரம் டீச்சர் முகம் வாடி உள்ளே வந்தார். பச்சைப் புத்தகம் கையில் இருந்தது.

"ஜுனைதா, வலப்பக்கம் தச்சிட்டீங்களே!"

"வேற எந்தப் பக்கம் தைக்கிறது?" என்று கேட்டவள் அடுத்த நொடியே புரிந்து வாயில் கை வைத்தாள். கித்தாபுகள்தான் வலப்பக்கம் தைத்தவை; வாசகசாலைப் புத்தகங்கள் எல்லாம் இடப்பக்கம் தைத்தவை. இதை அப்படித் திறப்பவருக்குக் கடைசிப் பக்கம்தான் முதலில் வரும்.

"பிரிச்சுத் தைப்பமே டீச்சர்."

"ஓரம் அந்தப் பக்கமில்ல விட்டிருக்கீங்க? இந்தப் பக்கம் தச்சா ஒவ்வொரு வரிக்கும் மொத எழுத்துத் தையலுக்குள்ள போயிரும். முழுசையும் திரும்ப எழுதணும்." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஓரத்தச் சொன்னேன், பக்கத்தச் சொல்லல. தப்பு என்னோடதும்தான். கூத்தையா நேர்ல பேசணும்னு வந்திருக்காரு. முன்கட்டுல உக்காந்திருக்காரு."

திரைக்கு இப்பால் ஜுனைதா நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நஃபீசா நின்றாள். அப்பால் கனத்த குரல் கேட்டது.

"கதையத் தலகீழாத் தச்ச மகராசி யாரு?"

"நாந்தான்" என்றாள் ஜுனைதா.

"பாம்பன் பாலம் தாண்டி, ரயிலும் பஸ்ஸும் ஏறி வாரேன். ஒரு வாய் தண்ணி குடு தாயி, அப்புறம் சண்ட போடுவோம்."

நஃபீசா களுக்கென்றாள். ஜுனைதா நன்னாரிச் சர்பத் கரைத்துத் திரை வழியே டீச்சரிடம் நீட்டினாள். கூத்தையா குடித்து முடித்துச் செருமினார்.

"தெறந்தேன். மொத வரியே, தோணி வந்துச்சு, ஆளு வரலன்னு இருக்கு. மூடி வச்சிட்டேன். எந் தம்பி ராக்கப்பன் தனுஷ்கோடியில வலைக்குப் போனான். வள்ளம்தான் வந்துச்சு. இவளுக்கு யாரு சொன்னா எங்க வீட்டுக் கதையன்னு கோவம். ரெண்டு நாளு தொடல."

கூத்தையா காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்புறம் எடுத்தேன். பக்கத்தத் திருப்புனா, காத்து கிழிக்குது. இன்னொண்ணு திருப்புனா, காத்து இன்னம் வரல. பாயி இறுக்கமா நிக்கிது. விழுந்த ஆளு ஒவ்வொருத்தனா தோணியில நிக்கிறான். சமையக்காரன் சீனியக் கொட்டுறான். தப்பாத் தச்சிருக்குன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு தாயி. ஆனா நான் திருப்பிப் போடல. போகப் போக எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க. கடைசிப் பக்கத்துல தண்டல் வெத்தல போட்டுக்கிட்டு, மகளுகிட்ட, போயிட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. இன்னம் போகல. நிக்கிறாரு."

ஜுனைதாவுக்குக் கண் மறைத்தது. அவள் எழுதிய முதல் பக்கம் அது. அது முடிவாகவும் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"பொறவு இந்தப் பக்கமிருந்தும் படிச்சேன். எழுத்துல ஒரு கொற இல்ல, கடலுலயும் ஒரு கொற இல்ல. அய்யாகிட்டச் சொல்லிட்டேன், அலமாரியில ஏத்தலாம்னு. ஒண்ணே ஒண்ணு. பிரிக்கக் கூடாது."

"அதெப்படி?" என்றார் டீச்சர். "எங்கன ஆரம்பம்னு வாசகருக்குத் தெரிய வேணாமா?"

ஜுனைதா உள்ளே போனாள். பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து ஒரு சோழியை எடுத்தாள். ஊசி நூலோடு வந்து உட்கார்ந்து, கதை தொடங்கும் அட்டையின் மீது அதை இறுகத் தைத்தாள். முடிந்ததும் நஃபீசா தொட்டுப் பார்த்தாள். பிறகு திரைக்கு அப்பால் கூத்தையா தொட்டுப் பார்த்தார்.

"சோழிப் பக்கம் தெறந்தா தோணி போகும்" என்றார்.

"சோழி இல்லாத பக்கம்?" என்று கேட்டார் டீச்சர்.

நஃபீசா முந்திக்கொண்டாள். "வரும்."

ஒரு வாரம் வைத்திருந்து தருகிறோம் என்று கேட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். அசருக்குப் பிறகு ஜுனைதா அடுப்படியில் இருந்தாள். உள்ளே காகிதம் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. எட்டிப் பார்க்க வேண்டும் என்று இம்முறை தோன்றவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"தோணி எங்க நிக்கிது புள்ளே?"

"நெடுந்தீவுகிட்ட லாத்தா. வந்துக்கிட்டிருக்கு."