கை அறுந்த நாற்காலி

முப்பத்தொன்பது நாளாகிவிட்டது, “அளவு எடுத்துட்டு ரெண்டே நாள்ல கொடுத்துடறேன்” என்று அம்மாவின் சாய்வு நாற்காலியை அண்ணன் தூக்கிக்கொண்டு போய். முட்டிவலிக்கார அம்மா அதன் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழுந்திருப்பாள். இப்போது கழிப்பறைக்குப் போகக்கூடத் தங்கை வந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

அண்ணன் பெரிய டிசைனர். தங்கை அவனுடைய கண்காட்சிக்குள் நுழைந்தபோது நாற்காலி நடுநாயகமாக நின்றது. அதைப் பார்த்துச் செய்த புதியது அல்ல, அதே நாற்காலி. அம்மா தலை சாய்த்த எண்ணெய்க் கறைகூட அப்படியே இருந்தது. கைகள் இரண்டையும் மட்டும் வழவழவென்று அறுத்து எடுத்திருந்தான். பக்கத்து அட்டையில் ‘தாய் விட்டுச் சென்ற வெற்றிடம்’ என்று எழுதியிருந்தது.

பார்க்க வந்த ஒரு பெண்மணி அவள் தோளைத் தொட்டார். “நீங்க தங்கச்சியாம்மா? அம்மா இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கும், இல்ல?”

அவள் அந்த அட்டையை மறுபடி படித்தாள். நேரே போய் நாற்காலியைத் தூக்கப் பார்த்தாள்.

அண்ணன் ஓடி வந்தான். “பத்திரிகைக்காரங்க இருக்காங்க, மானத்தை வாங்காதே தாயே. நல்ல சோபாவா வாங்கித் தர்றேன்.”

“இந்த வாய்க்குத் ‘தாயே’ ஒண்ணுதான் குறைச்சல். அறுத்த கை எங்கே அண்ணா?”

“அதைத் தூக்கிப் போட்டாச்சு.”

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“எங்கம்மா சாகலைங்க! நாற்காலியை வாங்கிட்டுப் போக வந்து, கீழே கார்ல உட்கார்ந்திருக்காங்க!”