பதினைந்து நிமிடம் கை வைக்கக் கூடாது

1

சமையலறையில் இருந்தவர்கள்: நெல்டா. அவள் கணவன் ரோஸ்கோ (ஐந்து மாதமாக அண்ணன் வீட்டுக் கொட்டகையில் படுக்கிறவன்). பிஸ்கட் என்ற நாய். ரோஸ்கோவின் துணிமணி அடைத்த அட்டைப்பெட்டி. முட்டை வேகும் நேரம் வைக்க ஒரு கோழி வடிவக் கடிகாரம். அழைக்காமலே வந்த நான்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். கென்டக்கியில் போர்பன் விஸ்கியைப் பாட்டிலில் அடைக்கும் ஆலை ஒன்றில் பதினோரு வாரம் இரவுப் பணி பார்த்துவிட்டு ஓடியவன். பக்கத்து இயந்திரத்தில் நின்ற ரோஸ்கோ இந்தக் கதையைப் பாதி வரை சொன்னான். மீதியைக் கேட்டால் காது வரை சிவந்து சிரித்தான். ஆகவே நானே உள்ளே நுழைய வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: “செப்டம்பர் ஞாயிறு மதியம், வெயில் போர்பன் நிறத்தில்...” வேண்டாம். இந்த மாவட்டத்தில் அப்படி எழுதாதவனே இல்லை.

இரண்டாவது: “அன்பு என்பதும் பீப்பாயில்...” இதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

மூன்றாவது, நேராக:

“ஒரே ஒரு கிளாஸ்,” என்றாள் நெல்டா. “குடிச்சு முடிச்சதும் பெட்டியைத் தூக்கிட்டு நடையைக் கட்டணும். மறுபடி இந்த வாசல்ல நிக்கக் கூடாது.”

“சரி,” என்று ரோஸ்கோ காகிதப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தான்.* பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்தது. நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு சாராயம். நெல்டா லேபிளைப் படித்தாள். பீப்பாயில் கிடந்தது பதினைந்து வருடம்.

“அட திருட்டுப்பயலே!”

(* கடையில் சும்மா கிடைக்காத சரக்கு. குலுக்கலில் பெயர் விழ வேண்டும். மூன்று சனிக்கிழமை வரிசையில் நின்றதை ரோஸ்கோ அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.)

3

நெல்டா ஏன் திட்டினாள்? அவள் அப்பா போட்ட சட்டம் அப்படி. இவ்வளவு காரமானதை ஊற்றியதும் குடித்தால் மூக்கு எரியும், நாக்கு மரத்துவிடும், வேறொன்றும் தெரியாது. கிளாஸில் ஆறவிட வேண்டும். பீப்பாயில் எத்தனை வருடமோ கிளாஸில் அத்தனை நிமிடம். அதுவரை கை வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் தூங்கியவர்களைக்கூட அந்த வீட்டில் மன்னித்திருக்கிறார்கள். இதில் மன்னிப்பு கிடையாது.

ரோஸ்கோ இருபத்திரண்டு வருடமாக இதை மீறியவன். கல்யாண விருந்தில் மாமனார் வாழ்த்திப் பேசி முடிப்பதற்குள் குடித்தவன். ஏப்ரலில் ஒரு சண்டையில், “இரு, நான் இன்னும் பேசி முடிக்கல,” என்று நெல்டா சொல்லச் சொல்ல வண்டியைக் கிளப்பியவனும் அவன்தான்.

4

ஊற்றினாள். கோழியைப் பதினைந்துக்குத் திருகினாள்.

“உனக்குப் பொறுமையா? மூணு நிமிஷம் தாங்க மாட்டே.”

“பாரேன்.”

“காலை ஆட்டாதே, மேஜை ஆடுது.”

“அதுவும் உங்கப்பா சட்டமா?”

“இது என் சட்டம்.”

நான்காம் நிமிடம். “கொஞ்சமா ஊத்திட்டியே, இன்னும் ஒரு சொட்டு விடேன்.”

அவள் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “புதுசா ஒரு சொட்டு விழுந்தாலும் முதல்லேருந்து எண்ணணும். எனக்குத் தெரியாதா உன் தந்திரம்?”

ஏழாம் நிமிடம் ரோஸ்கோ கேட்டான்: “அன்னிக்கு நீ பேசி முடிக்கலையே. மிச்சம் என்ன?”

“ ‘தப்பு என்னோடதுதான்’. அதான் மிச்சம். அதுக்குள்ள நீ ரோட்டுக்குப் போயிட்டே, கழுதை.”

[நெல்டா இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாளா? சந்தேகம் வந்தது. அந்த வரியை அடித்துவிட்டு அவளை வாய்மூட வைத்துப் பார்த்தேன். மூடவில்லை.]

ரோஸ்கோ சிரிக்கத் தொடங்கினான். அவன் சிரிப்பதைப் பார்த்து எரிச்சலில் அவளும் சிரித்தாள். நாய் இருவரையும் பார்த்துக் குரைத்தது.

5

பதினாலாம் நிமிடம் பழக்கதோஷத்தில் அவன் கை கிளாஸை நோக்கி நகர்ந்தது.

[இங்கே அவனைக் குடிக்கவைத்து ஒரு முடிவு எழுதினேன். பெட்டியோடு வெளியேறினான், நாய் வால் ஆட்டவில்லை. நேர்த்தியாக இருந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.]

கை கிளாஸைத் தாண்டிப் போய் நாயின் தலையில் இறங்கியது.

கோழி மணியடித்தது. இனி குடிக்கலாம். குடித்தால் முடிந்தது. ரோஸ்கோ கிளாஸை உதடு வரை கொண்டுபோனான். நின்றான். மோந்தான். திரும்ப மோந்தான்.

“வெல்லப்பாகு வாசனை, நெல்டா! அப்புறம் காய்ஞ்ச செர்ரி... இத்தனை வருஷமா உங்கப்பா இதையா சொல்லிட்டிருந்தார்?”

“கிளாஸைக் கீழே வை.”

வைத்தான். அவள் பாட்டிலைத் திறந்து, சாய்த்து, ஒரு சொட்டு விட்டாள். ஒரே சொட்டு. கோழியை மறுபடி பதினைந்துக்குத் திருகினாள்.

6

ரோஸ்கோ எனக்குச் சொன்னது இதுவரைதான். இனி முடிவு. (அ) இரண்டாம் மணியோடு அவன் கிளம்பினான். (ஆ) பாட்டில் காலியாகும் வரை சொட்டுச் சொட்டாக... (இ) அவன் பெட்டியைப் பிரித்து...

“யாருப்பா நீ?” நெல்டா என் பக்கம் திரும்பியிருந்தாள். “ஆலையில பாதியில ஓடினவன்தானே? இங்க என்ன கிறுக்கிட்டிருக்கே?”

“ஒரு முடிவு வேணும், அதான்...”

“ரோஸ்கோ, இவனை நீயா கூட்டிட்டு வந்தே?”

“சத்தியமா இல்ல தாயே. அவனா வந்தான்.”

“எழுந்திரு. படிக்கிறவங்களுக்கு மூளை இருக்குல்ல? அவங்க பார்த்துப்பாங்க. நட, நட.”

போகிற போக்கில் பார்த்தேன். அட்டைப்பெட்டி மேல் பிஸ்கட் ஏறிப் படுத்திருந்தது. கோழியில் இன்னும் பதினாலு நிமிடம்.

என் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

“இருங்க, நான் இன்னும் பேசி முடிக்கல,” என்றேன்.

உள்ளே சிரிப்பு. பூட்டில் சாவி திரும்பியது.