அம்மா பார்த்த முதுகுகள்

"நீ வெளிய இரு. நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே சித்தி ஈரத் துண்டைப் பிழிந்தாள்.

கட்டிலில் அம்மா மல்லாந்து கிடந்தாள். மருத்துவர் வந்து நாடி பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். உடம்பு விறைப்பதற்குள் துடைத்து உடை மாற்றிவிட வேண்டும் என்று அவசரப்பட்டது சித்திதான். துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தாள்.

"நானும் இருக்கேன் சித்தி."

"உனக்குத்தான் குனிய முடியாதேடி. அப்பா தனியா உட்கார்ந்திருக்கார். அங்க போ."

"முட்டி போட்டுக்கறேன்."

"சொன்னா கேக்கவே மாட்டியா? பெத்த பொண்ணு பார்க்கற காட்சியா இது?"

சித்தியின் குரலில் இரக்கத்தைவிட எரிச்சல் கூடுதலாக இருந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் போய் அவள் மண்டியிட்டாள். கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை இரண்டு கம்பிகள் வைத்துத் திருகாணி முடுக்கிய முதுகு அவளுக்கு. இடுப்பில் சாயலாம், வளைய முடியாது. அம்மா வயிற்றுக் கட்டியோடு படுத்திருந்த இந்த ஒன்றரை மாதமும் இதே காரணத்தைச் சொல்லித்தான் அவளை எதற்கும் விடவில்லை. குளிப்பாட்டியது சித்தி, புரட்டிப் படுக்க வைத்தது சித்தி. "பாவம், உனக்கு முடியாது" என்பார்கள். அவள் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வாசற்படியில் நிற்பாள்.

முகம், கை, கால் எல்லாம் துடைத்தாயிற்று. சித்தி துண்டை வாளியில் போட்டாள்.

"போதும். சட்டையை மாட்டிடலாம்."

"முதுகு?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"அதெல்லாம் வேண்டாம், அப்படியே இருக்கட்டும்."

"நல்லாருக்கே! இத்தனை நாள் படுத்த உடம்பு. புழுங்கிப் போயிருக்கும், துடைக்காம அனுப்பறதா?" என்று அந்த அக்கா அம்மாவின் தோளையும் இடுப்பையும் பிடித்து, ஒரே இழுப்பில் தன் பக்கமாக ஒருக்களித்துத் திருப்பிக்கொண்டாள்.

அம்மாவின் முதுகு, ஜன்னலோரம் மண்டியிட்டிருந்த அவள் முகத்துக்கு நேராக வந்தது.

வலது தோள்பட்டை எலும்பு தனியாகப் புடைத்து நின்றது. அதற்குக் கீழே விலா எலும்புகள் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தன. இடது இடுப்பில் மடிப்பு, வலது இடுப்பில் மடிப்பே இல்லை. பதினாலு வயதில் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்து அவள் தன் முதுகைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடையதன் அளவுக்கு இது பெரிதில்லை. ஆனால் அதே வளைவு, அதே பக்கம்.

வீட்டில்கூட அம்மா தொளதொள முழுக்கைச் சட்டையோடுதான் இருப்பாள். வேலையில் மேலே ஒரு வெள்ளைக் கோட்டு. அந்த முதுகை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

துண்டை எடுத்து, அந்த வளைவு போன வழியே துடைத்தாள்.

"சித்தி."

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

சித்தி நிமிரவில்லை. "தண்ணி ஆறிடப் போகுது. சீக்கிரம் துடை."

மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. அம்மாவை 'பிசியோ மேடம்' என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. கழுத்து நிற்காத பிள்ளைகள், கால் பின்னிக்கொண்ட பிள்ளைகள், முதுகு கோணிய பிள்ளைகள் என்று அம்மாவின் கையில் படாத பிள்ளை இல்லை. பெரிய ரப்பர் பந்தின்மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு உருட்டுவாள். அழுதால் விட்டுவிட மாட்டாள். "அழு, நல்லா அழு. ஆனா அழுதா ஒண்ணுலேர்ந்து மறுபடி எண்ணுவேன்" என்பாள். பிள்ளை அழுகையை விழுங்கிக்கொண்டு சிரித்துவிடும். சக்கர நாற்காலிகள் வாசலில் வரிசையாக நின்றன. அம்மாவின் காலடியில் யாரோ ஒரு தகப்பன் தன் வளர்ந்த மகனைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். அந்த மகன் கூரையைப் பார்த்து ஏதோ ஒலியெழுப்பினான்.

அம்மா வேலை பார்த்த சிகிச்சை மையத்தின் தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "இந்த நிலைமையிலயும் எப்படி நிமிர்ந்து நிக்கிறாங்க பாருங்க. அம்மா வளர்ப்பு."

டைல்ஸ் கடையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்கிறவள் அவள். வாடிக்கையாளர்களும் இதையேதான் சொல்வார்கள். இரும்பு வைத்துத் தைத்தால் எவரும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும்.

அப்புறம், முதுகு கோணிய மகளை முன்பு மையத்தில் காட்டிய அந்தத் தாய் வந்தாள். அவள் வருவாள் என்று தெரியும்.

பள்ளி விட்டதும் மையத்துக்குப் போய் அம்மாவுக்காகக் காத்திருப்பது ஒன்பதாவது படித்த நாட்களில் அவளுடைய வழக்கம். ஒருநாள் உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இந்தத் தாய், "மேடம், உங்க பொண்ணுக்கும் நம்ம வீட்டுக் கேஸ்தானா?" என்று கேட்டாள். மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைக் குனியவைத்து முதுகைப் பாருங்கள், ஒரு பக்கம் மேடு தெரிந்தால் உடனே வாருங்கள் என்று அம்மா தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கேட்டதும் அம்மா சிரித்தாள். அறையிலிருந்த எல்லோரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்தபோது, முதுகை இறுக்கி நிறுத்தும் பிரேஸ் மாட்டுகிற கட்டமெல்லாம் தாண்டிப்போயிருந்தது. கம்பிதான் என்றார்கள்.

அந்தத் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் மட்டும் வாயைத் திறக்கலன்னா உன் கதி என்ன ஆயிருக்கும்? அம்மா சாகற வரைக்கும் எனக்கு நன்றி சொன்னாங்கம்மா. எப்பேர்ப்பட்ட மனசு!"

"ஆமாங்க."

"என் பொண்ணைப் பாரு. உங்கம்மா கைதான்."

அந்தப் பெண் இப்போது முப்பதைத் தாண்டியவள். மூன்று வருடம் பிரேஸ் போட்டு, கம்பி இல்லாமல் தப்பித்தவள். அம்மாவின் அருகே போய், கால் மடக்காமல், முதுகு வில்லாய் வளையக் குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். ஒரு நாணல் சாய்ந்து எழுந்ததுபோல் இருந்தது. அவள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கம்பி வைத்த கதையை அம்மா மறைக்கவில்லை. அதுதான் வேடிக்கை. பெற்றோர் கூட்டம் எங்கே நடந்தாலும் அந்தக் கதையோடுதான் தொடங்குவாள். "வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சொல்வாங்க. என் வீட்டுல நடந்துச்சு. ஊர்ப் பிள்ளைங்க முதுகையெல்லாம் பார்த்தேன். என் பிள்ளை முதுகைப் பார்க்க எனக்கு நேரம் இல்லாமப் போச்சு. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க." கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அவளையே முன்வரிசையில் உட்காரவைத்துச் சொன்னதும் உண்டு. வேலை மும்முரத்தில் பிள்ளையைக் கவனிக்க மறந்த அம்மா. அப்படிப்பட்ட அம்மாவை மன்னிக்கலாம். அவளுக்கு வெகு வருடம் பிடித்தது. ஆனாலும் மன்னித்துவிட்டிருந்தாள்.

அப்பாவைத் தேடிப் போனாள். சமையலறையில் அவர் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்த குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று யார் சொல்லியும் கேட்கவில்லையாம்.

"அப்பா."

"ம்."

"அம்மாவுக்கும் இருந்துச்சா?"

எது என்று அவர் கேட்கவில்லை. குழாயை மூடினார்.

"சித்தி சொன்னாளா?"

"நானே பார்த்தேன்."

"என்கிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா. அவளுக்கு ரொம்ப வளையல, அதோட நின்னுடுச்சு. வெளிய தெரிய வேண்டாம்னா. கோணல் முதுகுக்காரிகிட்ட எவன் பிள்ளையைத் தூக்கிட்டு வருவான்னு கேப்பா."

"நான் வெளியாளா?"

அப்பா கழுவிய குவளையையே திரும்பவும் தேய்த்தார்.

"வீட்டுல இருக்கு, பிள்ளைக்கும் வரலாம்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பார்க்க நேரமில்லன்னு மேடை மேடையா சொன்னாங்களே?"

"நேரம் இல்லாம என்ன." அப்பா தொட்டியைப் பார்த்தே பேசினார். "உன் முதுகைப் பார்த்த மாதிரி அவ எந்தப் பிள்ளை முதுகையும் பார்க்கல. நீ தூங்கினதும் சட்டையைத் தூக்கி, விரலை வெச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் தடவுவா. கைக்குழந்தையா இருந்ததுலேர்ந்து. ஒருநாள் தவறாது."

"அப்புறம்?"

"நீ ஆறாவது படிக்கறப்போ ஒருநாள் நிறுத்திட்டா."

"ஏன்?"

"கேட்டேன். ஒண்ணுமில்லன்னா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. அதுக்கப்புறம் உன்னைத் தொடறதையே விட்டுட்டா. தலை வாரிவிடக்கூட மாட்டா. பெரியவளாயிட்டே, நீயே வாரிக்கோன்னு சீப்பைக் கையில குடுத்துட்டா."

அவளுக்கு அந்தச் சீப்பு நினைவிருந்தது. பெரியவளாகிவிட்டோம் என்று அன்று பள்ளியில் பெருமையடித்துக்கொண்டதும் நினைவிருந்தது.

"கையில ஏதோ தட்டுப்பட்டிருக்கும்" என்றார் அப்பா. "இருக்காது, இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டா போல."

"ஆறாவதுலேர்ந்து ஒன்பதாவது வரைக்கும்."

"ம்."

"பிரேஸ் போட்டிருந்தா..."

"ம்."

"உங்களுக்காவது தோணலையா? வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்னு?"

"அவளே ஒண்ணுமில்லன்னு சொல்றப்போ நான் யாருகிட்டம்மா போவேன்?" அவர் குரல் ஒரு கணம் உடைந்து, பிறகு பழையபடி ஆயிற்று. "எனக்கும் அதான் வசதியா இருந்துச்சு."

குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் குவளைகளின்மேல் இரைந்து விழுந்தது.

அவள் திரும்பி நடந்து, கூடத்தின் வாசலில் நின்றாள். அம்மாவைச் சுற்றிலும் அழுதுகொண்டிருந்தார்கள். அவளால் ஒரு சொட்டுக்கூட அழ முடியவில்லை. செத்துப் போனவளோடு சண்டை போடவும் முடியாது. 'நீ தொட்டுப் பார்த்தே, தெரிஞ்சும் என்னை விட்டே' என்று இனி யாரைப் பிடித்து உலுக்குவது?

அப்போது அவள் கணவர் பள்ளியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பத்து வயதுப் பெண். சீருடையோடு நின்று, பாட்டியின் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

மகளின் முதுகுக்குத்தான் அவள் கண் போனது.

மாதம் ஒருமுறை முதுகு பார்க்கப் பேத்தியை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்துவது அம்மாவின் வேலை. "நீ வராதே, நீ பயந்தே செத்துடுவே. என் பேத்தியை நான் பார்த்துக்கறேன்" என்பாள். அவளும் சந்தோஷமாக வெளியே நின்றுவிடுவாள். பார்க்காமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அம்மாவைவிடப் பெரிய சாக்கு எங்கே கிடைக்கும்? கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும். அம்மா பேத்தியின் தலையைக் கோதியபடி சொல்வாள்: "ஒண்ணுமில்ல."

நான்கு மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு முன்னால் மையத்தின் தலைவர் அவளைத் தனியே அழைத்தார்.

"அடுத்த வாரம் இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். அம்மா எப்பவும் சொல்வாங்களே, உங்க கதை. அதை உங்க வாயாலயே சொன்னா எல்லாருக்கும் ஒரு இதா இருக்கும்."

"அந்தக் கதையை அம்மா சொன்னாத்தான் சார் நல்லாருக்கும்."

அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அம்மாவைத் தூக்கினார்கள். சித்தி வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே அவள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். இப்போதாவது அழேன் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அவள் வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றாள். போகிறவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு தைரியம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

வீடு காலியானதும் மகளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். கட்டில் விரிப்பைச் சித்தி உருவிப் போட்டிருந்தாள்.

"சட்டையைக் கழட்டிட்டுத் திரும்பி நில்லு."

"பாட்டி பார்ப்பாங்களே, அதுவாம்மா?"

"ஆமா."

மகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கால்களைச் சேர்த்து வைத்தாள், உள்ளங்கைகளை ஒட்டினாள், மெல்லக் குனிந்தாள். இரட்டைப் பின்னல் இரண்டும் முன்னால் சரிந்து தரையைத் தொட்டன. அவள் பின்னால் மண்டியிட்டு, கண்ணை அந்தச் சின்ன முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். இத்தனை வருடத்தில் மகளின் முதுகை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

"போதுமாம்மா?"

"இரு."

"ரத்தமெல்லாம் தலைக்கு வருது."

"கொஞ்சம் இருடா."

"பாட்டி இவ்ளோ நேரம் பார்க்கவே மாட்டாங்க."

அவள் எழுந்திருக்காமலே கையை நீட்டி, ஜன்னல் திரையை ஓரம்வரை ஒதுக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டாள்.