மூலை நனைந்த கார்டு

மகள் கல்யாணத்துக்குச் சர்க்கரை கொண்டுவந்த சீனக் கடைக்காரர், முதல்நாளே வந்து கிடந்த ஒரு தபால் கார்டையும் நாகையாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிகளின் லயத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் அவர் கடை முகவரிக்குத்தான் வரும். அவருக்குத் தமிழ் தெரியாது. நாகையாவுக்கோ எந்த எழுத்தும் தெரியாது. பதினெட்டு வருஷம் தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்த கை அது.

ஆனால் சாவுச் சேதி எழுதும் கடிதத்தில் பிள்ளையார் சுழி போடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். படித்தவர் அதை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும் என்பதும் தெரியும். அதனால் கார்டின் மேல்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். அங்கே மழை பட்டு, மை கரைந்து, ஒரு நீலத் திட்டு மட்டும் இருந்தது. கடல் தாண்டி வந்தபோது நனையாத கார்டு, வந்து சேர்ந்த இடத்தில், அதுவும் சரியாக அந்த மூலையிலா நனைய வேண்டும்? ஊரில் அப்பா படுத்த படுக்கையாகி மூன்று மாதமாகிறது.

தை மாதமே நடந்திருக்க வேண்டிய கல்யாணம் இது. கிள்ளானில் ஒரு பங்காளி செத்து, தீட்டு என்று நின்றுபோனது. "இன்னொரு வாட்டி நின்னா எங்களத் தேடாதீங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா தம்புசாமி அப்போதே சொல்லிவிட்டார். பூசை செய்யும் பண்டாரமும் அன்று ஒன்று சொன்னார்: "தூர தேசத்துல இருக்கறவனுக்கு, காதுல விழுந்த நாள்லேருந்துதான் தீட்டு."

அப்படியானால் காதில் விழாத வரைக்கும் தீட்டு இல்லை. வேண்டுமென்றே காதைப் பொத்திக்கொள்வதற்கு என்ன பெயர் என்று பண்டாரம் சொல்லவில்லை. நாகையாவும் கேட்கவில்லை. பந்தலில் ஆள் நடமாட்டம் கூடியதும், உள்ளறை ஆணியில் தொங்கிய ரயில்வே கோட்டின் பையில் கார்டைச் செருகிவிட்டு வந்தார். தாலி ஏறட்டும், பிறகு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

டெங்கில் ஊர் ரப்பர்த் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் லோரியில் வந்து இறங்கினார்கள். தம்புசாமி மழைத்தண்ணீரை வழித்துவிட்டபடி கேட்டார்: "ஊர்ல அய்யா எப்படி இருக்காரு, சம்பந்தி?"

"போன கடுதாசியில தேவலைன்னுதான் எழுதியிருந்துச்சு."

பொய் இல்லை. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்காமலே பந்தலுக்குள் வழிகாட்டினார்.

மனைவி மாரியாயி சமையல் பக்கமிருந்து வந்து முணுமுணுத்தாள்: "ஒங்க மக மறுபடியும் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து நிக்கிறா. பூ வச்ச தலை. கேட்டா கசகசன்னு இருக்குங்கிறா."

"விடு, நேரமாச்சு" என்றார் நாகையா. பண்டாரம் தேங்காயைக் கையில் எடுப்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளம் உயர்ந்தது. தாலி ஏறியது. அவர் நேரே உள்ளறைக்குப் போய்க் கோட்டுப் பையில் கை விட்டார்.

கார்டு இரண்டு துண்டாக வந்தது.

அந்த அறையில்தான் மகள் புஷ்பவல்லி விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மிஷன் பள்ளியில் நாலு வருஷம் படித்தவள். வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் படித்துச் சொன்னவள் அவள்தான். அவசரத்தில் அது எப்படி மறந்துபோனது?

"எங்க போயிட்டீங்க? பொண்ணு மாப்பிள்ள கால்ல விழ நிக்கிறாங்க" என்று மாரியாயி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

துண்டுகளை இடது கைக்குள் மடக்கிக்கொண்டு போய் நின்றார். யாரோ வலது கையில் மஞ்சள் அரிசியைத் திணித்தார்கள். மாப்பிள்ளை விழுந்து எழுந்தான். புஷ்பவல்லி எழவில்லை. நெற்றியைத் தகப்பன் பாதத்தில் வைத்தபடியே இருந்தாள். பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அரிசி பிடித்த கையை அவரால் தூக்க முடியவில்லை.

"அரிசியப் போடுப்பா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாரும் பாக்கிறாங்க."

போட்டார். ஈரத் தலையில் விழுந்த அரிசி உருளாமல் அப்படியே ஒட்டிக்கொண்டது.