மேசையை விடுங்க, ஹாஜி

மூன்றாவது தடவை விழுந்ததைப் பற்றி ஷெத்லி மூச்சே விடவில்லை. நோன்பு மாதம், பிற்பகல் அஸர் தொழுகை. நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து எழுந்தவருக்குக் கண் இருட்டி, நெற்றி அலமாரியில் மோதியது. கதவில் இடித்துக்கொண்டதாக மகள் ரவ்தாவிடம் போனில் சாதித்தார். அவள் என்ன லேசுப்பட்டவளா? தலைநகர் துனிஸிலிருந்து கடலோர மஹ்தியாவுக்கு வண்டியை விரட்டி வந்து, அவரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டாள்.

"விழுந்தது மட்டும் தெரிஞ்சுது, வீட்டப் பூட்டிச் சாவிய நான் எடுத்துக்குவேன் பாபா. துனிஸ்ல எங்க வீட்ல உங்களுக்குக் கட்டிலே போட்டாச்சு."

கட்டில் போட்டாளாம், கட்டில். ஐந்தாம் மாடியில், கடல் தெரியாமல், மருமகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு!

டாக்டர் இம்னா கண்ணைப் பார்த்தாள், பாதத்தைத் தட்டினாள், நடக்கவிட்டாள்.

"தலை சுத்துதா ஹாஜி?"

"எனக்கா? இப்பக்கூட படகு தள்ளுவேன்."

உட்காரவைத்து எடுத்த ரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தது. தப்பித்தோம் என்று செருப்பைத் தேடினார். அவள் விடவில்லை. படுக்கவைத்து ஒரு முறை எடுத்தாள்.

"இப்ப எழுந்து நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் உக்காரக் கூடாது."

எழுந்தார். கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது.

"மேசைய விடுங்க."

"சும்மா வச்சிருக்கேன்மா."

"விடுங்க ஹாஜி."

விட்டார். காதுக்குள் இரைந்தது. ரவ்தா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி மகளே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பேன். சிரித்துக் காட்டினார். சிரித்தபடியே முழங்கால் மடங்கியது.

இருவரும் தாங்கிப் பிடித்து நாற்காலியில் சாய்த்தார்கள். கண் தெளிந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, மகளின் முகத்தைப் பார்க்காமல் அவள் கையில் வைத்தார்.

"எந்திரிச்சதும் அழுத்தம் மளமளன்னு எறங்குது," என்றாள் இம்னா. "மாத்திரையெல்லாம் எப்பெப்பப் போடுறீங்க?"

"நோன்புல எப்பப் போடுறதாம்? காலைல உள்ளது, ராத்திரி உள்ளது எல்லாத்தையும் விடியுமுன்ன சஹர் சாப்பாட்டோட ஒரே வாயில போட்டுக்குவேன்."

"பிரஷருக்கு, நீர் பிரியறதுக்கு, புராஸ்டேட்டுக்கு, எல்லாத்தையுமா?" அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதோட பொழுதன்னைக்கும் பச்சத்தண்ணி இல்லாம இருந்தா, சஜ்தாவுலேருந்து எழும்போது நானே விழுவேன். உங்க காலு நல்லாத்தான் இருக்கு. மாத்திரைய மாத்தித் தரேன், அடுத்த வாரம் மறுபடி நிக்கவச்சுப் பாப்பேன். நோன்பு இப்ப வேணாம். முதல்ல இதக் குடிங்க."

தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். வாங்கியவர் குடிக்கத் தயங்கினார்.

"எத்தன தடவ பாபா?" என்றாள் ரவ்தா.

"மூணு."

"ஒரேயடியாப் போயிருந்தா யாரு பாபா வந்து சொல்லுவா எனக்கு?"

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"அடுத்த வாரம் மேசையப் பிடிக்காம நின்னு காட்டுங்க, தரேன்."

"அதுவரைக்கும் துனிஸா?"

"அதுவரைக்கும் உங்க வீட்டுக் கதவ நான் தொறந்து விடுறேன். எனக்கும் அங்கயே ஒரு பாய் போடுங்க."