எழுபத்தாறு சுற்று

முப்பத்தெட்டாவது முறையாகச் சுவரைத் தொட்டதும் அவள் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து நிமிடம். பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியையும் இதே நேரத்தில் முடித்துவிட்டால், போட்டியில் நீச்சலுக்குத் தரும் இரண்டு மணி இருபது நிமிடத்தில் சரிபாதி அவளுக்கு மிச்சம். கரையேறித் துவட்டிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுக்கூடச் சைக்கிள் ஏறலாம். அந்த மிச்ச நேரத்தை அவள் ஏழு மாதமாக யாரிடமும் பீற்றிக்கொள்ளாமல் மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய நெடுந்தூரப் போட்டிக்கு ஊழியர்களிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறோம் என்று அறிவித்தபோது, பல் டாக்டர் ஒருவர் கை தூக்கினார். இரண்டாவது கை அவளுடையது. தூக்கிய பிறகுதான் அது தன் கை என்று அவளுக்கே தெரிந்தது. எலும்புப் பிரிவில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர் இருவருக்கும் ஒரே மாதிரி பயிற்சித் திட்டத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார். நீச்சலில் கடைசி இலக்கு: எழுபத்தாறு சுற்று.

வீட்டில் அவளுக்குப் பெயர் அரை. அரைகுறை என்று அண்ணன் தொடங்கிவைத்தது, கூப்பிட வசதியாக அரை ஆகிவிட்டது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டாள். தையல் வகுப்பை, ரவிக்கைக்குக் கை வைக்கச் சொல்லித் தருவதற்கு முந்தின வாரம் விட்டாள். கல்யாணத்தை இரண்டாம் வருடம் விட்டுவிட்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கையிலிருந்த பெட்டிக்கு ஒரு பக்கம் கைப்பிடி இல்லை. அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா பிள்ளைகளுக்கு அவள் அரைச் சித்தி. போட்டிக்குப் பெயர் கொடுத்த அன்று அக்கா மட்டும் சிரிக்காமல், "இத மட்டும் முடிச்சிடுடி. அப்புறம் இந்த வீட்ல எவனாவது அரைன்னு கூப்பிட்டா நாக்க இழுத்துவெச்சு சூடு போடுறேன்" என்றாள். அதற்காகத்தான் இத்தனையும்.

அந்த ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டதெல்லாம் அடிபட்டுக் கற்றதுதான். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொண்டால், சிக்னலில் நிற்பதற்கு முன்பே காலைக் கழற்றிவிட வேண்டும் என்பதை, பேருந்து நிறையச் சனம் பார்க்க வெட்டிய வாழைபோலச் சாய்ந்து கற்றாள். தொடை இடுக்கில் வாஸ்லின் தடவ மறந்தால் மறுநாள் படி இறங்க முடியாது. சைக்கிளை விட்டு இறங்கி ஓடும்போது முதல் ஒரு மைல் கால்கள் இரவல் வாங்கியவைபோல இருக்கும், பொறுத்துக்கொண்டால் திரும்பி வரும். நீச்சலில் மட்டும் அவளுக்குக் கவலையே இருந்ததில்லை.

அன்று காலை மூன்றாவது தடத்தில் ஓடு பெயர்ந்து மூடிவிட்டதால், பல் டாக்டர் அவள் தடத்துக்கே வந்திருந்தார். இருவரும் சேர்ந்து இறங்கி, ஏறத்தாழ சேர்ந்தே நீந்தினார்கள். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எத்தனை ஆச்சு மேடம்?"

"முப்பத்தெட்டு டாக்டர்."

அவர் சிரித்தார். "எனக்குப் பத்தொம்பதுதான். என் பக்கத்துலயே வந்துட்டு எப்படி என்னைவிட ரெண்டு மடங்கு போனீங்க? தண்ணிக்கு அடியில குறுக்கு வழி இருக்கா?"

அவளும் சிரித்தாள். சிரிப்பு முதலில் நின்றது அவருக்குத்தான்.

"அந்தச் சுவரத் தொட்டா ஒண்ணு, இங்க வந்தா ரெண்டு. அப்படியா எண்ணுறீங்க?"

"ஆமா."

"போயிட்டுத் திரும்பி வந்தாத்தாங்க ஒரு சுத்து. எழுபத்தாறுன்னு அவர் எழுதினது அதத்தான். நீங்க எண்ணுறது..." அவர் முடிக்கவில்லை. பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லும்போது அவருக்கு இந்த முகம்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குளத்தின் நீளம் இருபத்தைந்து மீட்டர் என்று எதிர்ச்சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. ஏழு மாதமாக அதை நோக்கித்தான் நீந்தியிருக்கிறாள். போட்டியில் நீந்த வேண்டியது மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் என்று தெரிந்தும் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பை விட்டதே கணக்குக்குப் பயந்துதான்.

போட்டிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

மதியம் சலவை அறையில், இஸ்திரி இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே விரிப்பைச் செலுத்திக்கொண்டிருந்தபோது அக்கா போனில் கூப்பிட்டாள். "ஏய் அரை, ஏழு மணிக்குத் தண்ணில எறங்கினா எட்டு பத்துக்கெல்லாம் கரையேறிடுவேன்னுதான சொன்ன? புள்ளைங்க எட்டுக்கே வந்து நிக்கணும்னு குதிக்குதுங்க."

"கூட்டமா இருக்கும்க்கா. புள்ளைங்கள எதுக்கு..."

"ஆரம்பிச்சிட்டியா? அதுக்குள்ள உன் வேலையக் காட்டிடாத." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன்டி. உங்க அத்தான் பெரிய அட்டையில உன் பேர எழுதி வெச்சிருக்காரு, தூக்கிப் பிடிக்க. முழுப் பேரு."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். விரிப்பு மறுபக்கம் சூடாக வந்து விழுந்தது. இரண்டாக மடித்தாள். மறுபடி இரண்டாக மடித்தாள்.

வேலை முடிந்து நாலரை மணிக்குக் குளத்தில் இறங்கினாள். ஆறரைக்கு மூடிவிடுவார்கள். காலையில் நீந்திய வேகத்தில் போனால் எழுபத்தாறுக்கு அந்த நேரம் போதாது என்று, இப்போது பெருக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் இறங்கினாள். போவதை எண்ணவில்லை. வருவதை மட்டும் எண்ணினாள். முப்பத்தெட்டு வந்தபோது உடம்பு தானாகவே படியைப் பார்த்துத் திரும்பியது, கடை மூடும் நேரம் தெரிந்த வேலையாள்போல. அதட்டித் திருப்பினாள். நாற்பத்தைந்துக்குமேல் தோள் கேட்கவில்லை. கையை முன்னால் வைத்தால் தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போனது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. அரை, அரை என்று காதுக்குள் தண்ணீர் அடித்தது. ஐம்பத்திரண்டு முடிந்து, அடுத்ததற்குப் பாதி தூரம் போயிருந்தபோது விசில் ஊதியது.

குளத்துக் காவல்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். "நேரம் ஆச்சு, ஏறும்மா."

அவள் தடத்துக் கயிற்றின் சிவப்பு மிதவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள் என்று சொல்ல முடியாது, கால் தரையைத் தேடியது, தரை இல்லை.

"ஏம்மா, காது கேக்கலயா? இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஏதாவது ஒரு பக்கம் ஏறு. நடுவுல நின்னா எப்படி?"

இரண்டு சுவரும் ஒரே தூரத்தில் இருந்தன. காவல்காரம்மா அலுத்துக்கொண்டே கொக்கியைக் கழற்றி, கயிற்றை உருளையில் சுற்றத் தொடங்கினாள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மிதவைகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போயின. அவள் பிடித்திருந்ததும் மெல்ல இழுபட்டு, விரல் நுனிவரை வந்தது.